பழைய காயும் புதிய காயும்



ஆண்டவர் இயேசு கூறிய ஓர் உவமை நம் எல்லோருக்கும் தெரியும். பழைய ஆடை கிழிந்துவிட்டதென்று கோடித் துணியைக் கத்தரித்து அதில் ஒட்டுப் போடுவார் இல்லை. நனைந்ததும் கோடித் துணி சுருங்கும். பழைய துணியையும் இழுத்துக் கிழிக்கும். முன்னிருந்த கிழிசலைவிடப் பின்வரும் கிழிசல் பெரிதாகும். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் தம் நற்செய்திகளில் இதைத் தந்திருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பிலோ நன்னெறி வகுப்பிலோ நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, "சரி, துணிக்குச் சொன்னது" என்று விட்டுவிடுகிறோம்.

துணியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு பொருளில் இதே தொல்லை வருகிறது. சீன நாட்டு விளையாட்டாகிய மாஜாங்கின் பழைய பெட்டி ஒன்றில் ஒரு காய் தொலைந்துபோனால், அதற்கு ஈடாக வேறொரு காயை வைக்க வேண்டும். வைக்கும் காயின் நிறம் பழைய காய்களோடு சேர வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? எவ்வளவு கடினம் என்பதையும், அதற்குள் எவ்வளவு வேதியியலும் ஒளியியலும் கணக்கும் அடங்கியிருக்கின்றன என்பதையும் நாம் இக்கட்டுரையில் காண்போம்.

மாஜாங் என்பது என்ன?

நம்மில் பலர் இந்த விளையாட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே முதலில் அதைப்பற்றிச் சில சொற்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவில் நிங்போ, ஷாங்காய் நகரங்களைச் சுற்றிய பகுதியில் இது வளர்ந்தது. சீட்டு விளையாட்டைப் போன்றதே. ஆனால் சீட்டுக்குப் பதிலாகக் கனமான சிறு காய்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அங்குல நீளம் இருக்கும். முழுப் பெட்டியில் வழக்கமாக 144 காய்கள். வட்டம், மூங்கில், எண் என மூன்று இனங்கள். ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை. ஒவ்வொன்றிலும் நான்கு பிரதிகள். ஆக 108. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எனக் காற்றுகள் 16. சிவப்பு, பச்சை, வெள்ளை என மூவகை நாகங்கள் 12. இவற்றோடு மலர்களும் பருவங்களுமாக 8. மாஜாங் என்ற பெயருக்கும் சிட்டுக்குருவியைக் குறிக்கும் சீனச் சொல்லுக்கும் தொடர்பு உண்டு. மூங்கில் இனத்தின் முதல் காயில் ஒரு பறவையே செதுக்கப்பட்டிருக்கும்.

நால்வர் மேசையைச் சுற்றி அமர்வர். எல்லாக் காய்களையும் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கலக்குவர். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் 18 காய் நீளத்துக்கு இரண்டு அடுக்கில் ஒரு மதில் கட்டுவர். நான்கு மதில்களும் சேர்ந்து ஒரு கோட்டை. அந்தக் கோட்டையிலிருந்து ஆளுக்குப் 13 காய்களை எடுத்துக்கொண்டு, பிறகு முறைப்படி ஒன்றை எடுப்பதும் ஒன்றைக் கழிப்பதுமாக ஆட்டம் நடக்கும். பதினான்காவது காயால் தம் வரிசையை நிறைவு செய்பவர் வென்றவர்.

1920ஆம் ஆண்டில் ஜோசப் பார்க் பாப்காக் என்ற அமெரிக்கர் இதன் விதிகளை ஆங்கிலத்தில் சிறு நூலாக வெளியிட்டார். எண்ணெய் நிறுவனம் ஒன்றின் அலுவலராகச் சீனாவின் சூச்சோ நகரில் வாழ்ந்தவர் அவர். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் மாஜாங் மோகம் பரவியது. சீனத் தொழிலாளர் காய் செதுக்கிச் செதுக்கி மாளவில்லை. அமெரிக்க இறைச்சிக் கூடங்களிலிருந்தே மாட்டின் கணைக்கால் எலும்புகளைக் கப்பலில் ஷாங்காய்க்கு அனுப்பி, அங்கே காயாக்கித் திரும்பப் பெற்றார்கள் என்றால் அந்த மோகத்தை என்னென்பது! 1937இல் நியூயார்க் நகரில் தேசிய மாஜாங் சங்கம் தோன்றி, அமெரிக்கருக்கென்று தனி விதிமுறையை வகுத்தது. அந்த நாட்களில் வாங்கிய பெட்டிகள் இன்று பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு காய் குறைந்தால்

அப்படி ஒரு பேத்தி பாட்டியின் பெட்டியைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணிப் பார்க்கிறாள். 143 இருக்கின்றன. வட்டத்தில் ஐந்து ஒன்றைக் காணவில்லை. பழம்பொருள் விற்பவரிடம் அதே அளவில் ஒரு வட்டம் ஐந்து வாங்கி வைக்கிறாள். எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆனால் மற்றவை நெய்யின் நிறம். இதுவோ பாலின் நிறம்.

"நிறம் சற்று வேறாக இருந்தால் என்ன குடி முழுகிப் போயிற்று?" என்று நாம் கேட்கலாம். அழகு மட்டும் கெட்டால் பரவாயில்லை. ஆட்டமே கெட்டுவிடும். மதிலில் எல்லாக் காய்களும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் வெளுத்திருந்தால், அது வட்டம் ஐந்து என்பது மேசையில் உள்ள நால்வருக்கும் தெரிந்துவிடும். யார் கைக்கு அது போனது, அவர் அதை வைத்திருக்கிறாரா கழித்தாரா என்பதெல்லாம் வெட்டவெளிச்சம். சீட்டாட்டத்தில் அடையாளமிட்ட சீட்டு எப்படியோ அப்படியே இதுவும். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் இல்லாவிட்டாலும், கண் பார்த்ததை மனம் மறக்காது. நேர்மையான பெண்கூடத் தன்னை அறியாமல் அந்தக் காயைக் கணக்கில் சேர்த்துக்கொள்வாள்.

ஆகவே மாஜாங்கில் நிறம் சேர்ப்பது ஆட்டத்தின் நியாயத்தைக் காப்பாற்றும் வேலை. புதுத்துணி பழைய ஆடையைக் கிழிப்பது போல, பொருந்தாத ஒரு காய் மற்ற 143 காய்களின் பயனையும் கெடுத்துவிடுகிறது.

காய் எதனால் ஆனது?

நிறத்தைச் சேர்க்கப் புறப்படுமுன் பொருளை அறிய வேண்டும். பழைய காய்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது, எலும்பும் மூங்கிலும். முகப்பு எலும்பு, முதுகு மூங்கில். எலும்பின் அடியில் செதுக்கிய நாக்கு மூங்கிலில் வெட்டிய பள்ளத்தில் செருகப்பட்டிருக்கும். நாக்கின் அடிப்பகுதி அகன்றும் கழுத்து குறுகியும் இருப்பதால் நழுவி வராது. மாட்டெலும்பின் சுவர் மெல்லியது. ஆகையால் தடித்த எலும்பு முகப்பு உள்ள பெட்டிக்கு விலை அதிகம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எலும்பில் சிறு புள்ளிகளும் கோடுகளும் தெரியும். உயிரோடு இருந்தபோது இரத்தக் குழாய்கள் சென்ற வழிகள் அவை. தந்தத்தில் இப்புள்ளிகள் இரா. குறுக்கு நெடுக்காக வலைபோன்ற கோடுகளைக் காணலாம். தந்தப் பெட்டி என்று சொல்லப்படுபவற்றுள் பல உண்மையில் எலும்பே.

இரண்டாவது, செல்லுலாயிட். யானைத் தந்தத்துக்கு மாற்றாகப் பில்லியர்ட்ஸ் பந்து செய்யும் முயற்சியில் ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பொருள். இதில் கற்பூரம் சேர்ந்திருக்கிறது. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். எளிதில் தீப்பற்றும், ஆகவே சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை இதில் ஒருபோதும் செய்யக்கூடாது.

மூன்றாவது, பேக்கலைட் என்று எல்லோரும் அழைப்பது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907இல் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்து இதைக் கண்டுபிடித்தார். ஆனால் மரத்தூள் போன்றவை கலந்த அசல் பேக்கலைட் பெரும்பாலும் கருமையானது. மாஜாங் காய்களுக்குப் பயன்பட்டது அதன் தங்கை முறையான கேட்டலின். அதே பீனால் பிசினை, தூள் எதுவும் கலக்காமல் அச்சில் வார்த்து, பல நாட்கள் மெல்லிய சூட்டில் வைத்து இறுகச் செய்வார்கள். தெளிவாக இருக்கும் அப்பிசினில் வேண்டிய சாயத்தைச் சேர்க்கலாம். இதைத் தேய்த்து முகர்ந்தால் கார்பாலிக் சோப்பின் வாசனையும் ஆய்வகத்துப் பார்மலின் புட்டியின் நெடியும் கலந்து வரும். நம் விலங்கியல் ஆய்வகத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த நெடி மறக்காது!

நிறம் ஏன் மாறுகிறது?

இங்கேதான் விந்தை இருக்கிறது. எல்லாப் பொருளும் வயதாக ஆக மஞ்சளாகும் என்று நாம் பொதுவாக நினைக்கிறோம். மஞ்சளாவது உண்மை, அதன் காரணமோ பொருளுக்குப் பொருள் வேறு.

கேட்டலினை எடுத்துக்கொள்வோம். ஒளியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதன் மேற்பரப்பைத் தாக்குகின்றன. பீனால் பகுதிகள் சில, குயினோன் போன்ற அமைப்புகளாக மாறுகின்றன. அவ்வமைப்புகள் நீல ஒளியை விழுங்கிக்கொள்கின்றன. நீலம் நீங்கிய வெள்ளொளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. தொடக்கத்தில் வெள்ளையாக இருந்த காய் முதலில் வெண்ணெய் நிறம், பிறகு நெய் நிறம், பிறகு தேன் நிறம் என மாறுகிறது. நீலக் கேட்டலின்மேல் மஞ்சள் படலம் படிந்தால் அது பச்சையாகத் தெரியும். பாட்டியின் பெட்டியில் இன்று பச்சை முதுகாக இருப்பது அவள் வாங்கிய நாளில் நீலமாக இருந்திருக்கக்கூடும்! இம்மாற்றம் மேற்பரப்பில் மட்டுமே நிகழ்கிறது. மெருகுப் பசை போட்டு அழுந்தத் தேய்த்தால் மஞ்சள் நீங்கி உள்ளிருக்கும் வெளிர் நிறம் எட்டிப்பார்க்கும்; தேய்த்த துணியில் மஞ்சள் கறை படியும்.

தந்தமும் எலும்பும் இதற்கு நேர்மாறு. இருட்டில் வைத்தால் மஞ்சளாகும்; ஒளி பட்டால் வெளுக்கும். தந்தக் கட்டைகள் பதித்த பழைய பியானோக்களின் மூடியைப் பகலில் சிறிது நேரம் திறந்து வைக்கச் சொல்வது இதற்காகவே. எலும்பில் எஞ்சியிருக்கும் கொழுப்பும், பல்லாண்டு விளையாடிய கைகளின் எண்ணெய்ப் பசையும் மெல்ல மஞ்சளாகின்றன. மூங்கில் முதுகோ கை படப்படப் பழுத்துச் செம்பழுப்பாகிறது.

ஆகவே ஒரே வெயில் ஒரு காயை மஞ்சளாக்கும். மற்றொரு காயை வெளுக்கச் செய்யும். பொருளை அறியாமல் நிறத்தைத் திருத்தப் போனால் என்ன ஆகும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இணை காண்பது எப்படி?

முதலில் தூய்மை. ஒரு காயின் நிறம் என்று நாம் நினைப்பதில் பாதி அழுக்காக இருக்கலாம். பழைய காய், புதிய காய் இரண்டையும் துடைத்த பிறகே ஒப்பிட வேண்டும். கேட்டலினைச் சற்று ஈரமான மெல்லிய துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம். எலும்பு மூங்கில் காய்களை நீரில் ஊறவைக்கவே கூடாது. மூங்கில் ஊதும், பசை விடும், செதுக்கிய எழுத்தில் தீட்டிய வண்ணம் கரையும்.

இரண்டாவது அளவு. இயற்பியல் ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் வெர்னியர் அளவி இதற்கு மிகப் பொருத்தமானது. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளக்க வேண்டும். நிறம் ஒத்து, தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மதிலில் அந்தக் காய் மேடாகத் தெரியும். கண்ணை ஏமாற்றினாலும் விரலை ஏமாற்ற முடியாது. முனைகள் கூரா வளைவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது ஒளி. ஜவுளிக்கடையில் சேலைக்கு ஏற்ற ரவிக்கைத் துணியை எடுக்கும்போது அம்மா என்ன செய்கிறார்? இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார். குழல் விளக்கின்கீழ் ஒன்றாகத் தெரிந்தவை வெளியே வந்ததும் வேறாகிவிடுவதை அவர் அனுபவத்தில் அறிவார். இதன் காரணம் அறிவியலில் இருக்கிறது. நம் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகையே. வெவ்வேறு அலைநீளக் கலவைகள்கூட அம்மூன்றையும் ஒரே அளவில் தூண்டினால், மூளைக்கு ஒரே நிறமாகத் தோன்றும். விளக்கு மாறினால் பொருளிலிருந்து திரும்பும் கலவையும் மாறும், ஒற்றுமை கலைந்துவிடும். கேட்டலினின் மஞ்சளும் இன்றைய பிளாஸ்டிக்கில் சாயமிட்ட மஞ்சளும் இவ்வாறு ஒரு விளக்கில் உடன்பிறப்பாகவும் மறு விளக்கில் அந்நியராகவும் தெரியக்கூடும். சில புதிய வெள்ளைப் பிளாஸ்டிக்குகளில் சலவைத் தூளில் உள்ளது போன்ற வெண்மையூட்டி கலந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக உமிழும். பகலில் அக்காய் மட்டும் பளிச்சென்று தனித்து நிற்கும்.

ஆகவே நேர் வெயில் படாத சன்னலருகே, சாம்பல் நிறத் தாளின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மாலையில் எந்த விளக்கின்கீழ் ஆடுவார்களோ அதன்கீழும் பார்க்க வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் அது இணை.

நான்காவது, ஒரு காயோடு ஒரு காயை ஒப்பிட்டுப் பயனில்லை. பாட்டியின் பெட்டியில் உள்ள 143 காய்களே ஒரே நிறமாக இரா. பெட்டியின் மேல்தட்டில் இருந்தவை ஒரு விதம், அடித்தட்டில் இருந்தவை மற்றொரு விதம். அவற்றுள் மிக வெளிறியதையும் மிகக் கருத்ததையும் முதலில் பொறுக்கி வைக்க வேண்டும். புதிய காய் அவ்விரண்டு எல்லைகளுக்கும் இடையே எங்கேனும் விழுந்தால் போதும். கடைசிச் சோதனையாக, அதை மற்றக் காய்களோடு கலந்து மதிலாகக் கட்டி, விவரம் அறியாத ஒருவரை அழைத்து, "இதில் எது புதிது?" என்று கேட்க வேண்டும். அவர் விழித்தால் நாம் வென்றோம்!

தொலைவில் உள்ள விற்பனையாளரிடம் வாங்கும்போது கைபேசிப் படத்தை மட்டும் நம்பக்கூடாது. படக்கருவி தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். வெள்ளைத் தாளையும் அளவுகோலையும் அருகில் வைத்து எடுத்த படம் ஓரளவு உதவும். பெட்டியிலிருந்து ஒரு காயையே தபாலில் அனுப்பி ஒப்பிடச் சொல்வது அதைவிட மேல்.

ஒட்டுத் துணி வீட்டிலேயே இருக்கலாம்

பாவாடை கிழிந்தால் அம்மா கடைக்கு ஓடுவதில்லை. அதே பாவாடையின் உள்மடிப்பிலிருந்து சிறு துண்டை வெட்டி எடுக்கிறார். அந்தத் துண்டும் பாவாடையோடு சேர்ந்து நனைந்தது, காய்ந்தது, வெளுத்தது. அது சுருங்கி இழுக்காது.

மாஜாங் பெட்டியிலும் உள்மடிப்பு உண்டு. பல பெட்டிகளில் எதுவும் செதுக்காத உபரிக் காய்கள் சில இருக்கும். அவற்றுள் ஒன்றில் தேர்ந்த கைவினைஞரைக்கொண்டு வட்டம் ஐந்தைச் செதுக்கச் சொல்லலாம். அது அதே தொழிலகத்தில், அதே நாளில் பிறந்த காய். அதே பெட்டியில் வளர்ந்த காய். கைபடாமல் இருந்ததால் சிறிது வேறுபடலாமே தவிர அந்நியமாக இராது.

அமெரிக்க முறையில் ஆடுவோர் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். இன்று அவர்களுடைய பெட்டியில் எட்டு ஜோக்கர்களோடு 152 காய்கள். பழைய பெட்டிகளில் ஜோக்கர் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் அவர்கள் மலர்க் காய்களை மிக அதிகமாக வைத்து ஆடினார்கள். அவ்வாறு மிஞ்சிய மலர்களின் முகத்தில் ஜோக்கர் படம் அச்சிட்ட தாளை ஒட்டிக்கொள்கிறார்கள். முதுகு ஒன்றே, ஆகையால் நிறக் கவலை இல்லை.

கணக்கு காட்டும் வழி

உபரிக் காயும் இல்லை, ஒத்த காயும் கிடைக்கவில்லை. பிறகு? சேகரிப்போர் சிலர், குறையுள்ள இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறார்கள். ஒன்று வெளிர் நிறம், மற்றது அடர் நிறம் என்று கொள்வோம். இப்போது நாம் கற்கும் நிகழ்தகவுக் கணக்கு கைகொடுக்கிறது.

ஒரு காய் மட்டும் வெளிர் நிறமானால், வெளிர் முதுகைக் கண்டவுடன் அது வட்டம் ஐந்து என்பது உறுதி. நிகழ்தகவு 1. ஆனால் ஒவ்வொரு வகையிலும் உள்ள நான்கு காய்களில் இரண்டை வெளிர் பெட்டியிலிருந்தும் இரண்டை அடர் பெட்டியிலிருந்தும் எடுத்தால்? மலர், பருவக் காய்கள் எட்டையும் பாதிப்பாதியாகப் பிரித்தால்? மொத்தம் 72 வெளிர், 72 அடர். இப்போது ஒரு வெளிர் முதுகைக் கண்டால் அது வட்டம் ஐந்தாக இருக்க நிகழ்தகவு 2/72, அதாவது 1/36. முதுகையே பாராமல் ஒரு காயை எடுத்தால் அது வட்டம் ஐந்தாக இருக்க நிகழ்தகவு 4/144. அதுவும் 1/36! பார்த்ததால் எந்த இலாபமும் இல்லை. ஆட்டம் நடந்து காய்கள் வெளிப்பட வெளிப்பட, கூர்ந்து நினைவில் வைப்பவருக்குச் சிறு குறிப்பு கிடைக்கலாம். ஆனாலும் ஒற்றைக் காய் காட்டிக் கொடுத்தது போல இது காட்டிக் கொடுக்காது.

ஒன்று வேறுபட்டால் அது அடையாளம். பாதி வேறுபட்டால் அது அடையாளமே அன்று. வகுப்பில் ஒருத்தி மட்டும் வேறு நிறச் சீருடையில் வந்தால் எல்லோர் கண்ணும் அவள்மேல். பாதிப் பேர் வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா?

வெயிலும் தேநீரும்

புதிய காயை மெல்ல மெல்லப் பழையதாக்கவும் வழிகள் உண்டு. கேட்டலின் வெளிறியிருந்தால் அதைச் சன்னல் வெயிலில் வைக்கிறார்கள். அவ்வப்போது திருப்பி வைத்து, அடிக்கடி பழைய காயோடு ஒப்பிடுகிறார்கள். எலும்பு வெளிறியிருந்தால் தேயிலைச் சாற்றைத் துணியில் தொட்டு மெல்லப் பூசி உலரவிட்டுப் பார்க்கிறார்கள். எலும்பு நுண்துளை உள்ளதாகையால் சாயத்தை வாங்கிக்கொள்ளும். எதையும் முதலில் பயனற்ற ஒரு காயில் சோதித்த பின்னரே நல்ல காயில் செய்ய வேண்டும். வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்துவதும் அறிவு. கருத்ததைத் திருப்புவது, வெளிறியதைக் கருக்கச் செய்வதைவிடக் கடினம்.

ஒரே ஒரு புதிய காய்க்காகப் பழைய காய்கள் அனைத்தையும் மெருகிட்டு வெளுக்கச் செய்வோரும் உண்டு. இது தகாது. எண்பது ஆண்டுகளாகப் படிந்த நிறத்தை ஒரு மாலையில் சுரண்டி எடுப்பது, வந்த மருமகளுக்காக வீட்டையே இடிப்பது போன்றது.

அதோடு இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்று சேர்ந்த நிறம் என்றும் சேர்ந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டு காய்களும் வெவ்வேறு பிசினால் ஆனவையானால், பத்தாண்டில் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். பெட்டியை மிகுந்த வெயிலும் வெப்பமும் படாமல் வைத்திருந்தால் அந்தப் பிரிவு தாமதமாகும்.

மறைக்கலாமா?

இனி ஒரு நன்னெறிக் கேள்வி. புதிய காயைப் பழையது போலத் தோன்றச் செய்வது பொய்யாகாதா?

அருங்காட்சியகங்களில் பழம்பொருளைச் செப்பனிடுவோர், தாம் சேர்த்த பகுதி தூரத்தில் கண்ணை உறுத்தாமலும், அருகில் வந்து உற்று நோக்குவோருக்குத் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். மாஜாங்கிலோ அருகில் அமர்ந்து உற்று நோக்குபவரே ஆட்டக்காரர். அவருக்கு அது தெரியவே கூடாது. தெரிந்தால் ஆட்டம் போயிற்று. இரண்டும் முரண்படுவது போல இருக்கிறது.

நமக்குத் தோன்றும் விடை இது. நிறம் மறைக்கட்டும், சொல் மறைக்க வேண்டாம். மேசையில் எல்லா முதுகும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் பெட்டிக்குள் ஒரு சிறு தாளில், எந்தக் காய் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, எங்கிருந்து வந்தது, தேநீர் பூசியதா வெயிலில் வைத்ததா என்பதை எழுதி வைக்க வேண்டும். அடுத்துப் பெட்டியைப் பெறுபவர் அதைப் படிப்பார். விலைக்கு விற்றாலும் வாங்குபவருக்கு அதைக் காட்ட வேண்டும். ஆட்டக்காரர்களுக்குள் நியாயம் நிறத்தால் காக்கப்படும். வாங்குபவருக்கு நியாயம் உண்மையால் காக்கப்படும். முழுமையான பழைய பெட்டி என்று சொல்லி ஒட்டுப் போட்ட பெட்டியை விற்பது திருட்டுக்குச் சமம்.

இன்னும் ஒரு கடமையும் உண்டு. தந்தக் காய் தொலைந்தால் அதற்குப் புதுத் தந்தம் தேடக்கூடாது. ஆப்பிரிக்க யானைகளின் அழிவைக் கண்டு 1989இல் உலக நாடுகள் கூடி, தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்ய முடிவெடுத்தன. ஒரு விளையாட்டுப் பெட்டி நிறைவு பெறுவதற்காக ஓர் உயிர் குறைய வேண்டியதில்லை. அங்கே எலும்போ வேறு பொருளோ போதும். அது போலவே, கைவளையும் கழுத்தணியும் செய்வதற்காக முழுப் பெட்டியைக் கலைப்பதும் வருந்தத்தக்கது. துணையற்ற உதிரிக் காய்களை அணியாக்கலாம். 144 பேர் கூடி வாழும் குடும்பத்தைப் பிரிக்கலாமா?

நிறைவாக

தோழியரே, ஒரு சிறு காயின் நிறத்தைத் தேடிப் புறப்பட்ட நாம் சீனத்து மூங்கிலையும் அமெரிக்கத்துப் பிசினையும் கண்டோம். ஒளி செய்யும் மாயத்தையும் கணக்கு செய்யும் நியாயத்தையும் கண்டோம்.

ஆண்டின் நடுவில் நம் வகுப்புக்குப் புதிய மாணவி ஒருத்தி வந்து சேர்கிறாள். வேறு பள்ளியின் பழக்கம், வேறு ஊரின் பேச்சு. முதல் நாள் அவள் ஒருத்தியே எல்லோர் கண்ணிலும் படுகிறாள். அவளை ஒரே நாளில் நம்மைப் போல் ஆக்கிவிட நாம் தேய்க்கவும் வேண்டாம், சாயம் பூசவும் வேண்டாம். நம் நடுவில் அமரச் செய்து, அதே வெயிலையும் அதே மழையையும் அவளோடு பகிர்ந்துகொண்டால் போதும். சில மாதங்களில், "இவர்களுள் புதியவள் யார்?" என்று கேட்பவர் விழிப்பார். ஆயினும் அவள் எங்கிருந்து வந்தாள் என்பதை அவளும் மறக்க வேண்டாம். நாமும் மறைக்க வேண்டாம்.

பழைய ஆடைக்குப் புதுத்துணி ஆகாது என்ற உவமையில் நாம் கண்ட பொருள் இதுதான்: சேர்க்குமுன் அறிந்துகொள், அறிந்தபின் பொறுத்திரு, பொறுத்தபின் உண்மையைச் சொல். இம்மூன்றும் காய்க்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.